பி.சி.வி. ஊசி: 56 நாள் கணக்கு எங்கே தவறுகிறது

புதன்கிழமை தடுப்பூசி மேசையில் ஆளைக் குழப்புவது நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி, அதாவது பி.சி.வி.தான். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டா என்றால் 45 நாள், 75 நாள், 105 நாள் என்று பாட்டிமாரே மனப்பாடமாகச் சொல்வார்கள். பி.சி.வி. அப்படி இல்லை, நடுவில் வரும் 75 நாள் ஊசியோடு அது கிடையாது. ஆறு வாரம் முடிந்ததும் ஒன்று, பதினான்கு வாரம் முடிந்ததும் ஒன்று, ஒன்பது மாதம் முடிந்ததும் பூஸ்டர். தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் அரசுத் திட்டத்தில் வந்ததிலிருந்து இதுதான் அட்டவணை.

இதில் தேதியை விட இடைவெளிதான் கண்டிப்பு. ஒரு டோஸுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 8 வாரம், அதாவது 56 நாள் இருக்க வேண்டும். 2025 ஜூன் 4 புதன்கிழமை பிறந்த குழந்தைக்கு ஜூலை 16இல் முதல் டோஸ். செப்டம்பர் 10இல் இரண்டாவது. நடுவில் சரியாக 56 நாள். ஒரு நாள்கூட மிச்சமில்லை. முதல் டோஸ் தள்ளிப்போனால் இரண்டாவதும் அதே அளவு தள்ளிப்போகும்.

அடிக்கடி சிக்கல் வருவது இப்படி. ஆறாவது வாரம் இடது தொடையில் பென்டா, வலது தொடையில் பி.சி.வி., வலது மேல் கையில் தோலுக்குள் போலியோ ஊசி. அதோடு சொட்டு மருந்துகள் வேறு. "ஒரே நாளில் மூணு ஊசியா, ஒண்ணை அடுத்த தடவை போட்டுக்கலாமே" என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். அந்த ஜூன் 4 குழந்தைக்கு பி.சி.வி. ஆகஸ்ட் 13க்குப் போகும். பென்டா மூன்றாவது செப்டம்பர் 10இல் முடிந்துவிடும், பி.சி.வி. இரண்டாவதற்கோ அக்டோபர் 8 வரை பொறுக்க வேண்டும். அன்று வேறு எந்த ஊசியும் இல்லை. "எல்லாம் போட்டாச்சு" என்று அட்டையை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு வரும்போதுதான் ஒரு கட்டம் காலியாகக் கிடப்பது தெரியும். ஒரே நாளில் மூன்றையும் போடுவதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பிரித்தால் அழுகை குறையாது, நடைதான் கூடும்.

தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசுத் திட்டத்தில் முதல் டோஸ் முதல் பிறந்தநாளுக்குள் விழுந்திருந்தால் மீதியை அதன் பிறகும் முடித்துக் கொடுப்பார்கள். பதினோராம் மாதத்தில் தொடங்கிய குழந்தைக்கு 8 வாரம், 8 வாரமாக மற்ற இரண்டும். குறைப்பிரசவக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து அல்ல. இதைத் தவறாக எண்ணி இரண்டு மாதம் காக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். நிமோனியா ஆபத்து அதிகமுள்ள குழந்தையே அதுதான்.

தனியாரில் கணக்கு வேறு: 6, 10, 14 வாரம், பூஸ்டர் 12 முதல் 15 மாதத்துக்குள். முதல் மூன்றுக்கும் இடையே 4 வாரம் போதும். இரண்டு அட்டவணையும் சரியானவைதான், பாதியில் மாறும்போதுதான் கலங்கும். மாறுவதானால் பிராண்ட் பெயரும் தேதியும் எழுதிய அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். "நிமோனியா ஊசி போட்டாங்க" என்று வாயால் சொன்னால் போதாது.

மருந்து விஷயத்தில் ஒன்று. குப்பியை அசைக்காமல் வைத்திருந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது அலுமினியம் உப்பு, கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. நன்றாகக் குலுக்கினால் ஒரே சீரான வெண்மையாக வரும். அதிலிருந்துதான் 0.5 மில்லி எடுக்க வேண்டும். உறைந்த குப்பியைக் குலுக்கிப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கிறார்கள், ஐஸ் பையில் குப்பி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை லேசாக வீங்கலாம். காய்ச்சல் வரும் முன்பே பாராசிட்டமால் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். செக் குடியரசில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக உருவானது தெரிந்தது. காய்ச்சல் வந்த பிறகு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்கு, மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் சொட்டு மருந்தில் அரை முதல் முக்கால் மில்லி. சிரப் பாட்டிலில் அளவு வேறு, கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள்.