ஏப்ரல் 15 வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டில் எதிர்ப்பு, வில்லன் எதுவும் கிடையாது. இயற்பியல் முதுகலையில் ஒரே வகுப்பு, ஒரே லேப், காதலித்தோம், அப்புறம் ஒருத்தி பிஎச்டிக்கு அமெரிக்கா போய்விட்டாள். அந்த ஒருத்தி நான். எப்படி அப்ளை செய்வது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பக்கத்தில் ஒருவனை வைத்துக்கொண்டு அப்ளை செய்தால் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடைசி வருடம் தொடங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு எக்செல் ஷீட் போட்டோம். பல்கலைக்கழகம், யாருடைய குழு, கடைசித் தேதி (பெரும்பாலும் டிசம்பரில் வரும்), ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கேட்கிறார்களா, எத்தனை பரிந்துரைக் கடிதம். இதெல்லாம் எல்லோரும் போடுவதுதான். எங்கள் ஷீட்டில் கூடுதலாக ஒரு நெடுவரிசை இருந்தது: 'பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா?' பாஸ்டன் மாதிரி சுற்றுவட்டாரத்திலேயே பல பல்கலைக்கழகங்கள் இருந்தால் பச்சை. சின்ன ஊரில் ஒன்றே ஒன்று என்றால் சிவப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த குழு சிவப்பில் இருந்தது. ஷீட்டில் ஏற்றாமல் அதற்கும் அப்ளை செய்துவிட்டேன். சரி, ஏமாற்றவில்லை என்று மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஓபி (ஏன் சேர விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை) எழுதியதுதான் எங்கள் காதலின் சிறந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது. நான் எல்லோரையும் போல 'சிறு வயதில் இரவு வானத்தைப் பார்த்து வியந்தேன்' என்று ஆரம்பித்திருந்தேன். அவன் ஓரத்தில் கமெண்ட் போட்டான்: 'இது நீ இல்லை. லேசர் மூன்று வாரம் மக்கர் பண்ணியபோது தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்தாயே, அதை எழுது.' எழுதினேன். ஏழு டிராஃப்ட், ஒவ்வொன்றிலும் இப்படி இருபது கமெண்ட். அட்மிஷன் கமிட்டியில் இருப்பவர்களுக்கு உன் வியப்பு வேண்டாம், ஒரு விஷயம் நடக்காதபோது நீ என்ன செய்கிறாய் என்று தெரிந்தால் போதும் என்பான். யார் கேட்டாலும் இன்றைக்கும் நான் சொல்லும் ஆலோசனை அது ஒன்றுதான்.

என்னுடையதை அப்படிப் பிழிந்து திருத்தியவன் தன்னுடையதை ஒரே ராத்திரியில் எழுதி, எல்லா இடத்துக்கும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினான். படித்தேன். உயிரே இல்லை. காரணம் கேட்டிருக்கலாம், பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை. அவனுக்குப் பிஎச்டியில் ஆசையே கிடையாது. நான் போகிறேன் என்பதால் அவனும் போட்டான்.

பிப்ரவரியில் சிவப்பு ஊரிலிருந்து அட்மிட் வந்தது, முழு ஃபண்டிங்கோடு, அதாவது கட்டணமும் செலவுக்குப் பணமும் அவர்களே தருவார்கள். அவனிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. 'ஷீட்டிலேயே இல்லையே' என்றான், அவ்வளவுதான், அப்புறம் சிரித்துவிட்டு வாழ்த்தினான். மார்ச் முடிவதற்குள் அவனுக்கு எல்லா இடத்திலிருந்தும் ரிஜெக்ட்.

அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரு பொதுவான ஏற்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. ஃபண்டிங்கோடு இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம், அதற்கு முன் கட்டாயப்படுத்தக் கூடாது. மாணவர் நலனுக்காக வைத்தது. எங்களுக்கு அது இரண்டு மாதச் சித்திரவதை. ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன், இடம் வேண்டுமானால் வைத்திருக்கிறோம், ஃபண்டிங்குக்கு உறுதி இல்லை என்றார்கள். கல்யாணம் செய்துகொண்டு, மாணவரின் துணைக்குத் தரும் எஃப்-2 விசாவில் கூட்டிப் போகலாமா என்று பார்த்தோம். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது, பகுதி நேரமாக மட்டும் படிக்கலாம். பிஎச்டி முடிய ஐந்தாறு வருடம். அத்தனை வருடம் அவன் என் அறையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை, அவன் மட்டும் 'சமையல் கற்றுக்கொள்கிறேன்' என்று ஜோக் அடித்தான்.

ஆராய்ச்சி உலகில் இதற்கு 'டூ பாடி ப்ராப்ளம்' என்றே பெயர், இருவருக்கும் ஒரே ஊரில் இடம் கிடைக்காத சிக்கல். இயற்பியலில் இரு பொருள் கணக்குக்குச் சுத்தமான தீர்வு உண்டு, மூன்றாவது பொருள் உள்ளே வந்தால்தான் பொதுச் சூத்திரம் கைவிட்டுவிடும். எங்களிடம் மூன்றாவதாக இருந்தது என் ஆசை என்று ஒருநாள் அவனிடம் சொன்னேன். 'பெயரைத் தப்பாக வைத்துவிட்டார்கள்' என்றான்.

அந்த இரண்டு மாதமும் எப்போது கேட்டாலும் 'போ, யோசிக்காதே' என்ற ஒரே பதில்தான். நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஒரு தடவை 'போகாதே' என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பேன். போயிருப்பேன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஏப்ரல் 13 ராத்திரி லேப்டாப்பில் ஏற்பு பட்டனை அழுத்தினேன். பக்கத்தில்தான் இருந்தான். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். இங்கே பகல் என்றால் அங்கே இரவு. தினமும் பேசினோம், அப்புறம் ஞாயிறு மட்டும், அப்புறம் ஞாயிறன்று எனக்கு லேப், அவனுக்கு வேலையில் ரிலீஸ். இரண்டாம் வருடத் தகுதித் தேர்வு முடிந்த வாரம், அழாமல், ஒருவரையொருவர் குறை சொல்லாமல் முடித்துக்கொண்டோம். முழுதாக அழாமல் என்று சொல்ல முடியாது, போனை வைத்தபின் என்ன நடந்தது என்பது அவரவர் பாடு.

போன மாதம் ஒரு ஜூனியர் மாதிரிக்கு ஒரு எஸ்ஓபி கேட்டாள். பழைய ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டேன், கமெண்டுகளை நீக்க மறந்து. மறுநாள் பதில் வந்தது: 'அக்கா, உங்கள் எஸ்ஓபி சூப்பர். ஓரத்தில் கமெண்ட் எழுதியவர் யார்? என்னுடையதையும் பார்த்துத் தருவாரா?'

இரண்டு வருடமாகப் பேசாத எண்ணுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன், விஷயத்தை மட்டும். அரை மணி நேரத்தில் பதில்: 'அனுப்பச் சொல். வானம், நட்சத்திரம் என்று ஆரம்பித்திருந்தால் முதலில் நீயே வெட்டிவிடு.'