தம்பியின் குடலும் கிருமிகளும்

பிப்ரவரி 4

தம்பிக்கு கிரோன் நோய், அதாவது குடலில் நீடிக்கும் அழற்சி, என்று உறுதியானதிலிருந்து அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, இது கிருமியால வர்றதுன்னா ஆன்டிபயாடிக் போட்டு ஒழிச்சிடலாமே? எதுக்கு ஸ்டீராய்டு?"

நியாயமான கேள்வி. அல்சருக்குக் கவலையும் அமிலமும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கைகாட்டினார்கள். மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்தும் பார்த்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. குடல் அழற்சிக்கும் அப்படி ஒரு விடிவு வராதா என்ற ஆசையில்தான் படிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 9

சந்தேகம் புதிதல்ல. அமெரிக்க மருத்துவர் கிரோனும் அவருடன் இருந்தவர்களும் இந்த நோயைப் பற்றி எழுதியது 1932-ல். அதற்கு முன்பே, 1913-ல், கென்னடி டால்சியல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் இதே மாதிரி குடல்களைப் பார்த்து, மாடுகளுக்கு வரும் ஜோன்ஸ் நோயை ஒத்திருக்கிறது என்று குறித்து வைத்தார். மாட்டு நோய்க்குக் காரணம் காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு பாக்டீரியா. மேப் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1984-ல் கிரோன் நோயாளிகளின் குடல் திசுவிலிருந்தே அதை வளர்த்தெடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் 213 நோயாளிகளுக்கு ஸ்டீராய்டோடு, ஒரு பாதிப் பேருக்கு மூன்று ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 16-வது வாரத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் 66 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்றவர்களில் 50 சதவீதம். ஆனால் இரண்டு வருடம் மருந்தைத் தொடர்ந்தும் அந்த நன்மை நிலைக்கவில்லை. முடிவு 2007-ல் வெளிவந்தது. மருந்துத் தேர்வும் அளவும் சரியில்லை என்று வாதிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கோ படித்து முடித்ததும் மனம் விட்டுப்போனது.

பிப்ரவரி 17

அடுத்த சந்தேகம் ஈ.கோலை என்ற பாக்டீரியா மேல். எல்லார் குடலிலும் சாதுவாக இருப்பதுதான். அதில் ஒரு வகை மட்டும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒட்டிக்கொண்டு செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளும் செத்துப்போகாமல் பெருகுகிறது. அது பற்றிக்கொள்ளும் புரதம் கிரோன் நோயாளிகளின் அழற்சியடைந்த குடலில் கூடுதலாக இருக்கிறதாம். அழற்சி கிருமிக்கு இடம் கொடுக்கிறது, கிருமி அழற்சியை ஏற்றுகிறது. எது முதலில் என்று சொல்ல முடியவில்லை. அந்த வகை ஆரோக்கியமானவர்கள் சிலரிடமும் இருக்கிறது.

பிப்ரவரி 18

"இது ஒட்டுமா? அவன் தட்டைத் தனியா வைக்கணுமா?" என்று அப்பா கேட்டார். ஒட்டாதுப்பா என்றேன். தம்பி காதில் விழுந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 26

என்னை அசைத்தது எலிகள்தான். அழற்சியை அடக்கும் ஐ.எல்-10 என்ற புரதத்தின் மரபணுவை நீக்கினால் எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி வருகிறது. அதே எலிகளை ஒரு கிருமிகூட இல்லாத சூழலில் வளர்த்தால் வருவதில்லை! மனிதர்களிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கிரோன் தாக்கிய குடலை வெட்டியெடுத்த அறுவைக்குப் பிறகு மலம் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டிருக்கும் வரை, தைத்துச் சேர்த்த குடலில் நோய் திரும்பவில்லை. பழைய வழியைத் திறந்ததும் திரும்பியது. 2001-ல் கிரோனோடு தொடர்புபடுத்தப்பட்ட நாட்2 மரபணுவின் வேலையே பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகளை உணர்வதுதான்.

ஆகவே பாக்டீரியா இல்லாமல் இந்த நோய் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து வந்த ஒரே எதிரி என்று யாரையும் பிடிக்க முடியாது. கூடவே வாழ்கிற கிருமிகளோடு அவன் உடம்பால் ஒத்துப்போக முடியவில்லை. அழற்சியைத் தணிக்கும் நல்ல பாக்டீரியாக்களும் இந்த நோயாளிகள் பலரிடம் குறைந்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுத்தால் மிச்சமிருப்பதும் போகும்.

மார்ச் 5

தம்பிக்கு மறுபடி வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி தாக்கினால், நோய் முற்றியது போலவே இருக்குமாம். குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பும் அதிகம். தெரியாமல் ஸ்டீராய்டால் எதிர்ப்பு சக்தியை மேலும் அடக்கினால் ஆபத்து.

மார்ச் 7

பாசிட்டிவ். வான்கோமைசின் மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

"கடைசியில கிருமிதானா அக்கா?"

"இந்தத் தடவை வந்ததுக்கு ஆமாடா. கிரோனுக்கு இல்ல. கிரோன் மருந்த நிறுத்தாத."

சரி என்றான். மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டைப் பற்றி டாக்டர் அப்புறம் முடிவு செய்வார்.