பி.சி.ஜி. எங்கே தோற்கிறது?

பி.சி.ஜி. என்பது நம் தோளில் தழும்பாக நிற்கும் அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமிதான். தசைக்குள் இறங்காத சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அதைப் பயன்படுத்திய முடிவை 1976-இல் கனடாவின் ஆல்வாரோ மொராலஸ் வெளியிட்டார். நோயாளிகள் 9 பேர்தான். வாரம் ஒன்று வீதம் 6 தவணை என்ற அவர் கணக்கு முதல் சுற்றுக்கு இன்றும் மாறவில்லை.

கட்டியைச் சுரண்டி எடுத்து 2 வாரமாவது ஆன பிறகே மருந்து. 50 மில்லி சலைனில் கலந்து கதீட்டர் வழியே விட்டு, 2 மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். குழாய் போடும்போது ரத்தம் வந்தால் அன்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டும். உயிருள்ள கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். அடுத்த 6 மணி நேரச் சிறுநீரில் பிளீச் ஊற்றி, 15 நிமிடம் கழித்தே ஃப்ளஷ்.

கிருமி பையின் சுவரில் உள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டும் புரதத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ள, நியூட்ரோஃபில்கள், டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அங்கேதான் சிக்கல். டி செல்கள் விடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதமே, டி செல்லை அடக்கும் பி.டி.-எல்1 என்ற புரதக் கேடயத்தைப் புற்றுசெல்லைத் தூக்க வைக்கிறது. சில புற்றுசெல்கள், டி செல் அவற்றைக் கண்டுகொள்ள உதவும் எச்.எல்.ஏ. என்ற மேற்பரப்பு அடையாளத்தையே கழற்றிவிடுகின்றன, டி செல்லுக்கு ஆளே தெரியாது.

அந்தக் கேடயம் வந்து பிடிக்கும் டி செல்லின் பி.டி.-1 புரதத்தை மறைத்து, கேடயத்தைச் செயலற்றதாக்கும் மருந்து பெம்ப்ரோலிசுமாப். பி.சி.ஜி. பலிக்காதவர்களுக்கு அதைத் தர 2020-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சோதனையில் 3-ஆம் மாதம் நோய் முழுதும் மறைந்தது 41 சதவீதத்தினருக்கு.

ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எரிச்சல் தாங்காமல் பாதியில் நிறுத்தியவரை, பி.சி.ஜி.க்கு நோய் அடங்காதவர் என்ற 'எதிர்ப்பு' கணக்கில் சேர்க்கக் கூடாது. பொதுவாக முதல் 6 தவணையில் குறைந்தது 5, அடுத்த சுற்றின் 3-இல் குறைந்தது 2 போட்டும் நோய் போகாமல் இருந்தால்தான் அந்தப் பெயர்.