டான்டேலியன் கசப்பு ஒருவழியாக அடங்கியது

தொட்டியில் வளர்க்கும் டான்டேலியனில் (மஞ்சள் பூப் பூக்கும், இலையைக் கீரையாகச் சாப்பிடும் செடி) இந்த முறை கசப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஓர் இலையைப் பச்சையாகக் கடித்துவிட்டு முகம் சுளிக்காமல் அடுத்ததை எடுக்க முடிகிறது, அது போதும்.

விதையை மண்ணால் மூடாமல் மேலேயே தூவி அழுத்துவது, ஆணிவேருக்காக ஒரு அடி ஆழத் தொட்டி வைப்பது எல்லாம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததே. என்னைப் படாத பாடு படுத்தியது இலையை வெளுக்க வைக்கும் கட்டம்தான். 10 முதல் 14 நாள் வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் இலை வெளிறி மென்மையாகும், கசப்பும் குறையும். 'ஒரு தொட்டியைக் கவிழ்த்து வைக்கவும்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு தொல்லை இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி சரிப்படாது, அதன் சுவர் வழியாகவே வெளிச்சம் கசியும். மண் தொட்டியைக் கவிழ்த்தால் அடித்துளைக்கு நேர் கீழே உள்ள இலைகள் மட்டும் பச்சையாக, பழைய கசப்போடு நிற்கும். துளையை அடைத்தாலோ உள்ளே ஈரம் தங்கிக் குருத்து அழுகிவிடும். கடைசியில் கைகொடுத்தது இரண்டு தொட்டிகள். சின்னதைத் துளை திறந்தபடி கவிழ்த்து, அதற்கு மேல் துளை அடைத்த பெரிய தொட்டியைச் சிறு கற்களின் மேல் கொஞ்சம் தூக்கி வைத்தேன். காற்று போய் வரும், வெளிச்சம் போகாது. மூடும் நாளில் இலையில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது. தண்ணீரை முந்தின நாளே வேருக்கு மட்டும் விட்டுவிட வேண்டும். பழுத்த வெளி இலைகளையும் கிள்ளிவிடுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. இளஞ்செடியை மூடிப் பயனில்லை. இருட்டில் புது இலை வருவது வேரில் சேர்ந்த சத்தை வைத்துத்தான்.

விதை வாங்குபவர்களுக்கு ஒன்று. 'இத்தாலிய டான்டேலியன்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிக்கரி வகை. இலை அச்சு அசலாக அப்படியே இருக்கும், பூ மட்டும் நீலமாக வந்து நிற்கும். எனக்கும் அப்படி ஒரு பாக்கெட் வந்து சேர்ந்தது. உறையில் டாராக்சகம் என்ற தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்கோரியம் என்றிருந்தால் அது சிக்கரி.

பக்கத்துத் தொட்டியில் பருப்புக்கீரை தானாகவே முளைத்துப் படர்ந்துவிட்டது. தண்ணீர் குறைந்த செடியில் இரவில் மாலிக் அமிலம் சேரும், அதனால் காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும்; மாலையில் அடங்கிவிடும். நான் காலைக் கட்சி. பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பார்ப்பது நல்லது. பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை, அதே சாயலில் தரையோடு படரும் வேறு செடி.

அடுத்து டான்டேலியன் வேரை வறுத்துக் காப்பி போலப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு செடியை மூடாமல், இலையும் பறிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன். வேர்த்துண்டு எங்கே விழுந்தாலும் முளைத்துவிடும் என்பதால், தோண்டும் வேலை முழுக்கத் தொட்டிக்குள்ளேயேதான்.