நைட்ரஜனுக்குப் போகாமல் ஹைட்ரஜனாகும் எலக்ட்ரான்கள்

அறை வெப்பநிலையில் நைட்ரஜனை அமோனியாவாக மாற்றும் உலோக அணைவுச் சேர்மங்களை (உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்தவை) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முப்பிணைப்பின் வலிமையிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் மின்முனையை வைத்து வேலை செய்கிறவருக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஹைட்ரஜன் என்பது என் கருத்து. அமோனியா உருவாக எலக்ட்ரானும் புரோட்டானும் வேண்டும். அவையோ ஒன்றையொன்று முந்திச் சந்தித்து, நைட்ரஜனைத் தொடாமலேயே ஹைட்ரஜன் வாயுவாகப் போய்விடுகின்றன.

2003இல் எம்.ஐ.டி.யில் யான்டுலோவும் ஷ்ராக்கும் மாலிப்டினம் அணைவைக் கொண்டு செய்த சோதனையின் நுட்பம் இங்குதான் புலப்படும். உலோகத்தைச் சுற்றிப் பருத்த ஈனியை, அதாவது உலோகத்தோடு பிணையும் மூலக்கூறை, வேலிபோல் நிறுத்தியதோடு நில்லாமல், புரோட்டானைத் தரும் அமிலம் எளிதில் கரையாத ஹெப்டேனைக் கரைப்பானாகத் தேர்ந்து, எலக்ட்ரானைத் தரும் ஒடுக்கும் காரணியான டெக்காமெதில்குரோமோசீனைச் சில மணி நேரம் மெல்ல மெல்லச் செலுத்தினார்கள். அவ்வளவு பக்குவம் பார்த்தும், எலக்ட்ரான்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அமோனியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதைக் குறைவென்று தள்ளிவிட முடியாது. அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் நைட்ரஜனை அமோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதியே எட்டு எலக்ட்ரான்களில் இரண்டை ஹைட்ரஜனுக்குக் கொடுத்துவிடுகிறது.

அந்த ஒடுக்கும் காரணியை நீக்கிவிட்டு மின்முனையிலிருந்தே எலக்ட்ரானைத் தரலாமே என்று கேட்கலாம். நைட்ரஜனைப் பிடித்த அணைவை ஒடுக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை எதிர்மின் திசையில் கொண்டு போனால், கரைசலிலுள்ள அமிலம் மின்முனைப் பரப்பிலேயே ஹைட்ரஜனாகிவிடுகிறது. கால்டெக்கில் ஜோனாஸ் பீட்டர்ஸ் குழு 2022இல் வெளியிட்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கோபால்டோசீன் என்ற கோபால்ட் சேர்மத்தோடு ஓர் அனிலின் காரத்தைப் பிணைத்து இடையில் நிறுத்தினார்கள். காரம் புரோட்டானையும் கோபால்ட் பகுதி எலக்ட்ரானையும் ஏந்திக்கொள்ள, இரண்டும் சேர்ந்தே நைட்ரஜன் மீது ஒப்படைக்கப்படுகின்றன. டங்ஸ்டன் பாஸ்பீன் அணைவுடன் இந்த ஏற்பாடு, ஒப்பீட்டு அளவுகோலான ஃபெரோசீனை வைத்துப் பார்த்தால் −1.2 வோல்ட்டிலேயே அமோனியா தந்தது. அதே இடையாள் மாலிப்டினம், ஆஸ்மியம், இரும்பு அணைவுகளோடும் பயன்பட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒவ்வோர் உலோகத்துக்கும் புதிய ஈனியை வடிவமைத்துக்கொண்டிருந்த துறைக்கு, வினையூக்கியைத் தொடாமலே வினையின் போக்கைத் திருப்ப முடியும் என்று அது காட்டியது. ஆனால் இம்முறையில் ஓர் உலோக அணு தரும் அமோனியா மூலக்கூறுகளின் எண்ணிக்கை சிறியது. அந்த இடையாளும் அமிலத்திடையே நெடுநேரம் சிதையாமல் தாக்குப்பிடிக்க வேண்டும்.