மூன்றாம் இலக்கச் சட்டை

கீரிமலையில் எங்கள் உதைபந்தாட்டப் பயிற்சியாளர் சேரின் ஈமக் கிரியையான அந்தியேட்டி நடந்தபோது அங்கே காலை எட்டரை, இங்கே ரொறன்ரோவில் முந்தின நாள் இரவு பதினொரு மணி. எங்கள் கோல் காப்பாளர்தான் கேணிக்குப் பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். காற்றுச் சத்தத்தில் ஐயரின் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது. கடலைக் காட்டினாள். வந்திருந்தவர்களைக் காட்டினாள். எங்கள் அணியில் ஏழு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரின் இடுப்பில் குழந்தை.

பழைய மாணவர் சங்க மலருக்குக் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் அண்ணை தை மாதமே கேட்டிருந்தார். எழுத ஒன்றும் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். எனக்குக் கல்லூரி நாட்கள் என்றால் 2015ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள்தான். மற்றதெல்லாம் உங்கள் எல்லோருக்கும் இருந்ததைப் போலத்தான் எனக்கும் இருந்தது.

அந்த வருடம் ஜனவரி இரண்டாம் தேதி காங்கேசன்துறைவரை ரயில் வந்தது. 1990 ஆனியில் போரால் நின்றுபோன பாதை. பின்னேரப் பயிற்சியில் முதல் தடவை அந்த ஊதல் சத்தம் கேட்டபோது, சேர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். பந்து வெளியே போய்விட்டது, அவர் ஊதவில்லை. நாங்கள் யாரும் ரயில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இல்லை. அவர் பார்த்து வளர்ந்தவர். சத்தம் தேய்ந்து முடிந்த பிறகு, "சரி, எறி" என்றார். குரல் மாறியிருந்தது.

சேர் மயிலிட்டிக்காரர். 1990இல் ஊரோடு எழும்பி வந்தவர்களில் ஒருவர். மயிலிட்டியில் கோலுக்குக் கட்டுவது மீன் வலைதான் என்று சொல்லுவார். எங்களுக்கும் பழைய வலைதான் கொண்டுவந்து கட்டினார். கிழிந்தால் தானே நிலத்தில் குந்தியிருந்து, வலை பின்னும் ஊசியால் முடிச்சுப் போட்டுத் தைப்பார். ஒரு முடிச்சும் அவிழ்ந்ததில்லை. ஊரைப் பற்றி அதற்கு மேல் பேசமாட்டார். எங்கள் கோல் காப்பாளரும் மயிலிட்டிதான், ஆனால் அவள் மயிலிட்டியைக் கண்டதே இல்லை. மல்லாகம் கோணாப்புலம் முகாமில் பிறந்து அங்கிருந்தே பள்ளிக்கூடம் வந்தவள். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். காக்க வேண்டிய கோல் எட்டடி உயரம், இருபத்துநாலு அடி அகலம். சேர் அவளை ஒவ்வொரு நாளும் வலது கம்பத்திலிருந்து இடது கம்பம்வரை அடி வைத்து நடக்கச் சொல்லுவார். "கண்ணை மூடினாலும் அகலம் தெரிய வேணும்" என்பார். மாகாணப் போட்டி வரும்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெண்பிள்ளைகள் பந்தடிப்பதென்பது அப்போதும் வீட்டில் ஒரு வழக்குத்தான். அம்மம்மா அரைக் காற்சட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா. சேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றபடி அம்மாவோடு கதைத்தார். கையில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு. 2012இல் தெற்காசியப் பெண்கள் உதைபந்தாட்டப் போட்டி கொழும்பில் நடந்த செய்தி. இந்தியா வென்றது. "எங்கட நாட்டுக்கும் ஒரு அணி இருக்கு அக்கா. அதுக்குப் பிள்ளையள் தேவை" என்றார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அடுத்த நாள் நான் காற்சட்டைக்குள் நீளக் கறுப்புக் காலுறை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனேன்.

நெருஞ்சி முள்ளைப் பற்றியும், ஏழு சோடி பூட்ஸைப் பதினாறு பேர் மாறி மாறிப் போட்டதைப் பற்றியும் நான் எழுதத் தேவையில்லை. அந்தச் செம்மண் உங்கள் காலிலும் ஒட்டியதுதான். ஆனால் பந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாசியில் எதிர்பாராமல் மழை பெய்த ஒரு நாள், சேர் நனைந்த பந்தைக் கூட்டுறவுச் சங்கக் கடைக்குக் கொண்டுபோய் மா நிறுக்கும் தராசில் வைத்தார். விதிப்படி பந்து 410 கிராமிலிருந்து 450 கிராமுக்குள் இருக்க வேண்டும். எங்கள் பந்து அரைக் கிலோவைத் தாண்டி நின்றது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "இதை முப்பது யார் தூரம் அடிக்கிற பிள்ளை காய்ந்த பந்தை நாற்பது யார் தூரம் அடிக்கும்" என்றார். நாங்கள் அடித்தோம்.

நான் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கப் பின்காப்பு. மூன்றாம் இலக்கச் சட்டை. ஓடக்கூடிய கால் எனக்கு இருந்தது. அதனால் பின்னுக்கு நின்று காப்பது மட்டும் போதவில்லை, கோட்டோரமாக மேலே போய் உள்ளே பந்தைப் போட வேண்டும் என்ற ஆசை. சேர் அதைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். மேலே போகிறதென்றால் உரத்து, "போறன்!" என்று கத்த வேண்டும். எனக்கு முன்னால் விளையாடும் பிள்ளை "நிக்கிறன்!" என்று பதில் சொல்லிப் பின்னுக்கு வந்து என் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் பதில் காதில் விழாமல் நான் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. உதைபந்தாட்டம் தெரிந்தவர்களுக்கு இது அடிப்படைப் பாடம். பின்காப்பவள் ஏறினால் அவள் முதுகுக்குப் பின்னால் வெளி திறக்கும், எதிரணியின் வேகமான பிள்ளை அந்த வெளிக்காகத்தான் காத்து நிற்பாள்.

வலயப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் நான் கத்தவில்லை. பந்து காலில் இருந்தது, முன்னால் ஒருவரும் இல்லை, போய்விட்டேன். உள்ளே போட்ட பந்தை அவர்கள் வெட்டி நீளமாக அடித்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர்களுடைய பிள்ளை என் இடத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் விட்டுப்போன வெளியால்தான் அந்தக் கோல் விழுந்தது. ஆட்டத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம், ஆனாலும் அடுத்த நாள் சேர் எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி நிற்க வைத்தார். என்னைக் கூட்டிக்கொண்டு எதிர்க் கோல் பக்கம் நடந்தார். அங்கே நிறுத்தித் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அங்க பார். என்ன தெரியுது?"

"ஒண்டும் இல்லை சேர்."

"அதுதான். அதுதான் நீ சொல்லாமல் விட்டிட்டு வந்த இடம். இண்டைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நில்."

பயிற்சி முடியும்வரை நின்றேன். மற்றவர்கள் விளையாடினார்கள். வேலிக்கு அப்பால் ரியூசன் முடித்துப்போன பெடியள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அழுதால் துடைக்கக் கை தூக்க வேண்டும், தூக்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதற்காக அழாமல் நின்றேன். இருட்டும்போது வந்து, "விளங்கினதோ பிள்ளை? போக வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. சொல்லிப்போட்டுப் போ" என்றார். பையிலிருந்து மாலிபன் பிஸ்கட் பெட்டியை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார்.

அதன் பிறகு என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. மாகாண இறுதியாட்டத்தில் மன்னார்ப் பிள்ளைகளுக்கு எதிராக நான் பதினொரு தடவை "போறன்" சொன்னதாகச் சேர் எண்ணி வைத்திருந்தார். பதினொரு தடவையும் பதில் வந்தது. கடைசித் தடவை போட்ட பந்தில்தான் எங்கள் கோல். ஒன்றுக்குப் பூச்சியம். அன்று எடுத்த படத்தில் நான் பின்வரிசையில் இடது ஓரம், சேருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அடுத்தது அகில இலங்கைப் போட்டி.

வைகாசி கடைசியில் விசா வந்தது. அப்பா எட்டு வருடமாகக் காத்திருந்து எடுத்த விசா. எங்கள் வீடுகளில் வழக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பிளேன் ஏறும்வரை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. கண்பட்டால் காரியம் கெட்டுவிடும், யாராவது மொட்டைக் கடிதம் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அம்மம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினா. "சேரிட்டை மட்டும் சொல்லட்டோ?" என்று கேட்டேன். "சேருக்கும் வாய் இருக்கு" என்றா அம்மா. அவவை நான் குறை சொல்லவில்லை. எட்டு வருடம் தனியாக மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தவ. அவவின் பயம் நியாயமானது.

யூன் முதலாம் தேதி பின்னேரம் கடைசிப் பயிற்சிக்குப் போனேன். இரவு கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் போட்டிருந்தது. சேர் அன்று புதிதாக ஒரு மூலையுதை சொல்லிக்கொடுத்தார், முழுவதும் என்னை வைத்து. நான் கம்பத்துக்குத் தொலைவில் நின்று ஓடி வர வேண்டும், இரண்டு பேர் எனக்கு வழி விட வேண்டும். பத்துத் தடவை செய்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் "இன்னும் மூண்டு கிழமை இருக்கு, சரிவரும்" என்றார். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைத்தது.

முடிந்ததும் விளையாட்டு அறைக்குள் போனேன். சட்டையை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து வைத்திருப்பதுதான் வழமை. நான் காலையிலேயே தோய்த்து, இஸ்திரி போட்டு, பையில் கொண்டு வந்திருந்தேன். மூன்றாம் இலக்கம் மேலே தெரிய மடித்துப் பந்துக் கூடைக்குப் பக்கத்தில் இறாக்கையில் வைத்தேன். கல்லூரியின் உடைமையைக் கடல் கடந்து கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் நினைவு. வெளியே வந்து, எல்லா நாளும் சொல்வதைப் போலச் சொன்னேன்.

"போட்டு வாறன் சேர்."

"ஓம். நாளைக்கு நேரத்துக்கு வா."

கனடாவில் வந்திறங்கிய நான்காம் நாள், யூன் 6, பெண்கள் உலகக் கிண்ணம் எட்மன்டனில் தொடங்கியது. நான் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் பார்க்க ஆசைப்பட்டிருக்கக் கூடிய போட்டி, நான் வந்த நாட்டிலேயே நடந்தது. பெரியப்பா வீட்டு பேஸ்மென்ட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். ஆட்டம் முடிகிற நேரத்தில் கிறிஸ்டின் சின்கிளயர் தண்ட உதையில் கோல் போட்டார், சீனாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். ஐம்பத்துமூவாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். ஆறு நகரங்களிலும் செயற்கைப் புல்தரை. விழுந்தால் தோல் உரியும் என்று வீராங்கனைகள் முந்தின வருடமே முறையிட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பச்சை கண்ணில் ஒட்டவில்லை. கனடாவின் லெஃப்ட் பேக் அலிஷா சப்மனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே போன ஒவ்வொரு தடவையும் வாயைப் பார்த்தேன். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் அணி அகில இலங்கைப் போட்டியில் அரையிறுதிவரை போய்த் தோற்றது. என் இடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்த தங்கச்சி விளையாடினாள். நன்றாக விளையாடினாள் என்று கேள்விப்பட்டேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. வைபரில் "அக்கா அங்க குளிரோ", "ஸ்னோ படம் அனுப்புங்கோ" என்றுதான் கேட்டார்கள். அந்த அன்பு எனக்குப் பல வருடம் விளங்கவேயில்லை. மூன்று கிழமைக்கு முன் சொல்லாமல் ஓடிப்போனவளைப் பதினைந்து பேரில் ஒருத்தியாவது திட்டியிருக்க வேண்டும்.

சேருக்கு நான் இரண்டு வருடம் தொலைபேசி எடுக்கவில்லை. 2017 யூலையில் அவரே ஒரு படம் அனுப்பினார். இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விடுவித்த நாள். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு தன் ஊர்க் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சேட்டுப் பையில் விசில் தெரிகிறது. அன்று அழைத்தேன். ஊரைப் பற்றியே நெடுநேரம் கதைத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், "அங்க பந்தடிக்கிறியோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அடி" என்றார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பிறகு தீபாவளி, பொங்கலுக்கு எடுப்பேன். சொல்ல வேண்டியதை அடுத்த முறை சொல்லலாம் என்றே ஒவ்வொரு முறையும் வைத்தேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது டிக்கெட் பார்த்தேன். வேலையில் லீவு கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அவரிடம் ஒரு மாதம் இருக்கவில்லை.

அந்தியேட்டி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகும் எங்கள் கோல் காப்பாளர் தொடர்பை வெட்டவில்லை. கேணிப் படியில் இருந்து, சேரின் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். சேரின் மகள் நடுப்பக்கத்தில் அந்த மாகாண வெற்றிப் படத்தைப் போட்டிருந்தாள். இடது ஓரத்தில் நான். பார்த்ததும் அடக்க முடியவில்லை. பத்து வருடமாகச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். சேரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன், கடைசிவரை சொல்லவில்லை என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"இல்லையே. நீ சொன்னனி எண்டுதானே சேர் சொன்னவர்."

அன்று பின்னேரம் அவள்தான் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு விளையாட்டு அறைக்குப் போனவள். சேர் உள்ளே நின்றிருக்கிறார். கையில் மடித்தபடி மூன்றாம் இலக்கச் சட்டை. அவள் வந்தது தெரியாமல் நின்றாராம், பிறகு சட்டையைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அறையைப் பூட்டினாராம். அடுத்த நாள் பயிற்சி தொடங்கும்போது அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சட்டையைக் கொடுத்திருக்கிறார். இனி நீதான் லெஃப்ட் பேக் என்றிருக்கிறார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். யாரோ கோபமாக ஏதோ தொடங்கியிருக்கிறாள்.

சேர் கையைக் காட்டி நிறுத்தினாராம்.

"ஒருத்தரும் ஒண்டும் கதைக்கக் கூடாது. அவள் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவள்."