காரணமில்லாமல்

மார்ச் 3
இல்லத்தில் நான் பார்த்துக்கொள்கிறவன், பேச்சு வராதவன், இன்று கடித்துவிட்டான். முன்கையில் பல் பதிந்த இடம் கன்றிப்போயிருக்கிறது. தோல் கிழியவில்லை. பதிவுத் தாளில் "காரணமில்லாமல் கடித்தான்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

மார்ச் 4
தூக்கமே இல்லை. வலியால் அல்ல, அந்த "காரணமில்லாமல்" உறுத்துகிறது. முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது: தாளில் மூன்று கட்டம். முதல் கட்டத்தைப் பார்க்காமலே நிரப்பியிருக்கிறேன்.

மார்ச் 7
பிப்ரவரித் தாள்களைப் புரட்டினேன். கடித்தது 11 தடவை. அதில் 9, மதியம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில். சாப்பாட்டுக்குப் பிறகு. வயிறோ? வாய்விட்டுச் சொல்ல முடியாதவனுக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எதுவும் இப்படித்தான் வெளியே வரும். நர்ஸ் அக்காவிடம் சொல்லியாயிற்று.

மார்ச் 9
காது, பல், வயிறு எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

மார்ச் 10
அவனுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோனை, அதாவது மனநோய்க்கான மருந்தை, கூட்டலாமா என்று பேச்சு. 2008-இல் வந்த ஆய்வைச் சொன்னேன். அறிவுத்திறன் குறைபாடு உள்ள, மனநோய் இல்லாத, ஆனால் ஆக்ரோஷமாக நடந்துகொள்கிற 86 பேர். சிலருக்கு ரிஸ்பெரிடோன், சிலருக்கு அதே வகையில் பழைய மருந்தான ஹாலோபெரிடால், சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. மூன்று பிரிவிலும் ஆக்ரோஷம் குறைந்தது. அதிகம் குறைந்தது மருந்தில்லாத மாத்திரைக்கு! மருந்தைக் கூட்டித் தூங்கி வழிந்தால் கடிக்க மாட்டான்தான். துணி மடிக்கவும் மாட்டானே.

மார்ச் 11
நேற்றிரவு கவிழ்த்துப் போட்டுப் பிடித்தார்களாம். முதுகில் முழங்கால். அப்படிப் பிடித்து மூச்சுமுட்டிச் செத்தவர்கள் உண்டு. பொறுப்பாளரிடம் கத்திவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது.

மார்ச் 14
ஜிப். என் பையின் ஜிப்!

1:40. கிளம்பலாமென்று பையை மூடினேன். துண்டு மடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். பிறகு தன் மணிக்கட்டைக் கடித்தான். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அடங்கிவிட்டான். எத்தனை நாளாக இதே கதை? கடித்தால் அக்கா போகமாட்டாள். கற்றுக்கொடுத்ததே நான்தான்.

மார்ச் 16
என் போட்டோ ஒட்டிய அட்டை தயார். அவன் அதைக் கொடுத்தால் உடனே போய் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும், 2 நிமிடம். கடித்தால் கையை மெல்லத் தடுத்து, அட்டையை எடுக்க வைக்க வேண்டும். எல்லா ஷிஃப்டிலும் ஒரே மாதிரி. அடுத்து யார் வருகிறார்கள் என்ற படம் சுவரில். "செல்லம் கொடுத்துக் கெடுக்காதீங்க" என்றார் ஒருவர். கேட்பதற்கு ஒரு வழி கொடுப்பதா செல்லம்?

மார்ச் 19
இன்று 3 தடவை. பழைய வழி பலிக்காதபோது முதலில் கூடத்தான் செய்யும். தெரிந்தும் பஸ்ஸில் அழுதேன்.

மார்ச் 20
விடுப்பு.

மார்ச் 23
அட்டையின் ஒரு மூலை மென்று மென்று கூழாகிவிட்டது. போட்டோவில் என் நெற்றியைக் காணோம். 1:38-க்கு, நான் பையைத் தொடும் முன்பே, எச்சில் ஈரத்தோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தான். 2 நிமிடம் 5 ஆனது.

மார்ச் 24
ஏப்ரலிலிருந்து எனக்கு இரவு ஷிஃப்டாம். மதியம் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவானால்தானே சுவரில் ஒட்டப் படம் எடுக்க முடியும்? நாளைக்கு முதல் வேலையாகக் கேட்கணும்.